ஐஸ் பெட்டியை எங்கே வைத்தீர்கள்?

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மாமாவும் நானும் என் எட்டு வயது மகனும் பேராவின் வடக்கே தெமெங்கோர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனோம். மாமாவிடம் 14 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. அதை ஒரு டிரெய்லரில் ஏற்றி, தம்முடைய செடான் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருவார். மாமா செம்பனை எண்ணெய் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்கார்ந்தால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன்.

போகும்போது ஒரு சிக்கலும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போதுதான் வந்தது. கிரிக், கோலகங்சார் எல்லாம் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். மெனோரா சுரங்கத்தைக் கடந்து ஈப்போவை நோக்கி நீண்ட இறக்கம். வேகம் மணிக்கு 95 கிலோமீட்டர் இருக்கும். விரைவுப் பேருந்து ஒன்று எங்களை முந்திச் சென்றது. அடுத்த நொடி காரின் பின்புறத்தை யாரோ பிடித்து இடப்பக்கம் இழுத்தது போல் இருந்தது. பிறகு வலப்பக்கம். மறுபடி இடம், இன்னும் பெரிதாக. கண்ணாடியில் பார்த்தேன். படகு ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் தலைகாட்டியது.

"மாமா, பிரேக் போடுங்க!" என்று கத்தினேன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் கற்பிக்கும் நான் சொன்ன அறிவுரை அதுதான். மாமா கேட்கவில்லை. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தார், ஸ்டியரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்தார், அவ்வளவுதான். பிரேக்கைத் தொடவே இல்லை. வேகம் மெல்ல மெல்ல 70க்கு இறங்கியது. ஆட்டம் தானாக அடங்கியது. சாலை ஓரத்தில் நிறுத்திய பிறகுதான் பின்னிருக்கையில் மகன் அழுதுகொண்டிருப்பது என் காதில் விழுந்தது.

மாமா இறங்கி டிரெய்லரைச் சுற்றி வந்தார். டயர், கொக்கி, சங்கிலி எல்லாம் சரி. படகுக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஐஸ் பெட்டிய எங்க வெச்ச?" என்றார்.

மீனும் ஐஸும் நிறைந்த பெட்டி, நங்கூரம், கூடாரம் எல்லாவற்றையும் படகின் பின்பகுதியில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான்தான் அடுக்கியிருந்தேன். அங்கே ஏற்றுவது சுலபம், அதனால். வரும்போது மாமா அவற்றை முன்பக்கம் வைத்திருந்தார்.

குளியலறைத் தராசு சொன்ன கதை

வீட்டுக்கு வந்ததும் இதைச் சும்மா விட மனம் வரவில்லை. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, உடல் எடை பார்க்கும் தராசை அதன் முன்மூக்கின் கீழ் வைத்தேன். காரில் பொருத்தியிருக்கும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் நிற்குமாறு ஒரு மரக்கட்டையைத் தராசின் மேல் நிறுத்தினேன். டிரெய்லர் சரிந்திருந்தால் கணக்கு தவறிவிடும். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்.

டிரெய்லர், படகு, இயந்திரம், சாமான்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 600 கிலோ. நான் மாற்றி வைத்த சாமான்கள் 60 கிலோ. அவற்றை அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வைத்தபோது மூக்கில் தராசு காட்டிய எடை 62 கிலோ. அதே சாமான்களை அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் வைத்தபோது 14 கிலோ. மொத்த எடையில் ஒரு கிராம்கூட மாறவில்லை. ஆனால் மூக்கில் 48 கிலோ காணாமல் போனது.

தமிழ்ப்பள்ளியில் நெம்புகோல் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. டிரெய்லரின் அச்சுதான் ஆதாரப் புள்ளி. அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். 60 கிலோவை 2.4 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், 60ஐ 2.4ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க, 48 வருகிறது. சிறுவர் பூங்காவில் ஏற்றப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு பையன் இடம் மாறி உட்கார்ந்த கதைதான்.

கொக்கியின் மேல் டிரெய்லரின் மூக்கு அழுத்தும் இந்த எடையே பாதுகாப்பான இழுவையின் உயிர்நாடி. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள். ஆனால் அங்கே டிரெய்லர் இழுக்கும் கார்களுக்கான வேக வரம்பும் குறைவு. நாங்கள் போகும்போது 10 விழுக்காட்டில் போனோம். திரும்பும்போது என் புண்ணியத்தில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

அதற்காக மூக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. கொக்கி காரின் பின்னச்சுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே அழுத்தினால் காரும் ஒரு நெம்புகோல் ஆகிவிடும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.6 மீட்டர், பின்னச்சிலிருந்து கொக்கிக்கு 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 கிலோ அழுத்தம் பின்சக்கரங்களுக்கு 88 கிலோவைக் கூட்டும். முன்சக்கரங்களிலிருந்து 26 கிலோவைத் தூக்கிவிடும். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் திருப்புவதும் இழுப்பதும் முன்சக்கரங்கள்தாம். பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றுடையதே. அவை லேசானால் மழைநாளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே கொக்கியில் எவ்வளவு எடை தாங்கலாம் என்று கார் கையேட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள். சில கார்களின் கையேட்டில் 'இந்தக் கார் டிரெய்லர் இழுக்க ஏற்றதன்று' என்றே இருக்கும். அப்படி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பட்டறைக்காரர் எந்தக் காருக்கும் கொக்கி பற்ற வைத்துக் கொடுப்பார், அது வேறு.

ஊஞ்சலைத் தள்ளுவது யார்?

சரி, பின்பாரம் கூடினால் ஏன் ஆட வேண்டும்?

அம்பை நினைத்துப் பாருங்கள். கனமான முனை முன்னால், இறகுகள் பின்னால். காற்றில் சற்றே திரும்பினாலும் பின்னால் உள்ள இறகுகள் அதை இழுத்து நேராக்கிவிடுகின்றன. டிரெய்லரில் இறகின் வேலையைச் செய்பவை டயர்கள். டிரெய்லரின் ஈர்ப்பு மையம் டயர்களுக்கு முன்னால் இருக்கும்வரை, ஒரு பக்கம் விலகினாலும் டயர்களின் உராய்வு அதைத் திரும்ப வரிசைக்குக் கொண்டுவரும். ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போகப் போக அந்தத் திருத்தும் ஆற்றல் தேய்கிறது. டயர்களுக்குப் பின்னால் போய்விட்டால், அது இறகு முன்னும் முனை பின்னுமாக எய்யப்பட்ட அம்பு.

இதில் வேகத்துக்கும் பங்குண்டு. ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டு விலகி நின்றால் அது சிறிது நேரத்தில் நின்றுவிடும். உராய்வு அதன் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. மெதுவாகப் போகும் டிரெய்லரும் அப்படித்தான். பேருந்து தள்ளும் காற்றோ குழியோ அதை ஆட்டினாலும் இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவதற்கு ஆகும் நேரம் நீள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது: ஒவ்வோர் ஆட்டமும் காரின் முன்னோக்கிய ஓட்டத்திலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு முந்தியதைவிடப் பெரிதாகிறது. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் யாரோ தள்ளிவிடுவது போல. அந்த எல்லை வேகம் எல்லா டிரெய்லருக்கும் ஒன்றல்ல. பாரம் பின்னால் இருந்தால் எல்லை கீழே இறங்கிவிடும். காற்று குறைந்த டயரும் அதைக் கீழே இறக்கும். பாரத்தை நடுவில் குவிக்காமல் இரு கோடியிலும் வைத்தாலும் அப்படியே. கைகளை விரித்துச் சுழலும் நடனக்காரரை நிறுத்துவது கடினம் அல்லவா?

வேகம் 95இல் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். போகும்போது அதே 95இல் படகு பேசாமல் வந்தது. திரும்பும்போது நாங்கள் எல்லையைத் தாண்டியிருந்தது எங்களுக்கே தெரியாது. பேருந்து ஒரு சின்னத் தள்ளுதான் கொடுத்தது.

இப்போது என் அறிவுரைக்கு வருகிறேன். பிரேக் போட்டிருந்தால்? ஒரு கயிற்றை மேசைமேல் வைத்து இழுத்துப் பாருங்கள், நேராகும். ஒரு முனையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், மடங்கும். மாமாவின் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கிடையாது. கார் திடீரென வேகம் குறைத்தால் 600 கிலோ டிரெய்லர் குறையாத வேகத்தோடு பின்னாலிருந்து காரைத் தள்ளும். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது தள்ளினால் காரின் பின்புறம் விலகி, காரும் டிரெய்லரும் மடக்குக் கத்தியைப் போல மடிந்துவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம்.

ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தைச் சரிசெய்யலாமே என்று தோன்றும். அதுவும் வேலைக்கு ஆகாது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை திரும்புவதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போயிருக்கும். நாம் செய்யும் திருத்தம் தவறான நேரத்தில் விழுந்து ஆட்டத்தைக் கூட்டும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆட்டத்துக்குக் காரணமே வேகம் என்னும்போது அது நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுவது. ஆக, மாமா செய்ததுதான் சரி: காலை எடு, கையை நேராக வை, காத்திரு. டிரெய்லருக்கு மட்டும் தனியே இயங்கும் மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடலாம். அது கயிற்றைப் பின்னாலிருந்து இழுப்பது போல. லோரி ஓட்டிய அனுபவம் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்திருந்தது. இயற்பியல் படித்த நான் அன்றுதான் கற்றேன்.

புது ஆண்டு தொடங்கியதும் இதைப் படிவம் நான்கு மாணவர்களுக்குச் செய்து காட்டினேன். பொம்மைக் கார், ஐஸ்கிரீம் குச்சிகளால் ஆன ஒற்றை அச்சு டிரெய்லர், களிமண் உருண்டைகள், ஓடும் பயிற்சிக்கான டிரெட்மில் ஒன்று. காரின் மூக்கில் நூல் கட்டி ஓடும் பட்டையின் மேல் பிடித்தால் போதும். களிமண் முன்னால் இருக்கும்போது டிரெய்லரை விரலால் தட்டினால் அடங்குகிறது. பின்னுக்கு நகர்த்திவிட்டுத் தட்டினால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கிறது. வகுப்பே கைதட்டியது. எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.

நிறுத்துவதற்கும் கணக்கு உண்டு

மூவரோடு எங்கள் கார் 1,400 கிலோ. டிரெய்லரோடு 2,000 கிலோ. மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4,37,500 ஜூல். டிரெய்லரைச் சேர்த்தால் 6,25,000. டிரெய்லருக்குப் பிரேக் இல்லை என்றால் இவ்வளவையும் காரின் நான்கு சக்கரங்களே கரைக்க வேண்டும். உலர்ந்த சாலையில் தனிக் கார் 45 மீட்டரில் நிற்கும் என்றால், டிரெய்லரோடு 65 மீட்டர் ஆகும். அந்த 20 மீட்டர் என்பது நான்கு கார்களின் நீளம். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே அதற்கு இடம் விட்டீர்களா என்பதுதான் கேள்வி.

இதனால்தான் ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக்கூடாது, காரின் எடையில் பாதியையும் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு நெடுஞ்சாலை வேகம் பொதுவாக 80. நம் நெடுஞ்சாலையில் காருக்கு 110 என்று பலகை சொல்கிறதே என்று கேட்காதீர்கள். 80ஐவிட 110இல் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாமா இப்போது 80ஐத் தாண்டுவதில்லை.

மலைப்பாதைக்கு இன்னொரு கணக்கு. கேமரன் மலையிலிருந்து தாப்பாவை நோக்கி 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 2,000 கிலோ இழக்கும் நிலையாற்றல் ஏறக்குறைய 2 கோடி ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 60 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதைப் பிரேக் வழியாக மட்டும் வெளியேற்ற முயன்றால் பிரேக் எண்ணெய் கொதிக்கும்; குமிழி விழுந்த எண்ணெயில் மிதியை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். ஈரம் சேர்ந்தபின் 140க்குக்கூட இறங்கலாம். நம் ஈரக் காற்றில் பிரேக் எண்ணெயைக் காலத்தோடு மாற்றாமல் மலையேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறி, எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

படகு இழுப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உண்டு. பலருக்குத் தெரியாததால் சற்று விரித்துச் சொல்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடி வந்த டிரெய்லரின் சக்கர நடுப்பகுதி சூடாக இருக்கும். அதற்குள் பேரிங்கும் கிரீஸும் கொஞ்சம் சூடான காற்றும். வந்த வேகத்தில் பின்னோக்கித் தள்ளிச் சக்கரங்களை ஏரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப, ரப்பர் அடைப்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது. கிரீஸ் கெடுகிறது, பேரிங் துருப்பிடிக்கிறது, சில மாதம் கழித்து ஒருநாள் நெடுஞ்சாலையில் சக்கரம் இறுகிப் பிடித்துக்கொள்கிறது அல்லது கழன்று ஓடுகிறது. பரிகாரம் மிக எளிது: படகுத்துறையில் அரை மணி நேரம் காத்திருந்து, ஆறியபின் இறக்குங்கள். வழியில் ஓய்விடத்தில் நிற்கும்போதெல்லாம் சக்கர நடுவுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால் அங்கே ஏதோ கோளாறு.

டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, முதுமையில் சாகின்றன. ஆண்டுக்கு நான்கு முறை ஓடும் டயரில் பூ அப்படியே இருக்கும், பக்கவாட்டு ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள் சாயத்தைப் பார்க்கிறார்கள், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

கொக்கியின் குமிழும் டிரெய்லரின் மூடியும் ஒரே அளவுதானா என்றும் பாருங்கள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர். அமெரிக்க அளவுகளில் ஒன்று ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 47.6 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 50க்கு உரிய மூடி 47.6 குமிழில் பூட்டிக்கொண்டது போல் நடித்து, ஒரு மேடு ஏறி இறங்கும்போது கழன்றுவிடலாம். பூட்டியபின் டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழ வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்கின் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

கொக்கி பொருத்தும் முன் ஜேபிஜே அலுவலகத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் விதிமுறைகளை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. எனக்கே இன்னும் சரியாக வரவில்லை. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்றார் மாமா. காலியான பாசார் மாலாம் திடலில் ஒரு ஞாயிறு காலை முழுக்கப் பழகினேன். மகன் எண்ணிக்கொண்டே வந்தான். 11 கூம்புகளைச் சாய்த்தேனாம்.

மாமா இப்போது படகின் தரையில், அச்சுக்குச் சற்று முன்னால், மஞ்சள் சாயத்தில் ஒரு சதுரம் வரைந்திருக்கிறார். ஐஸ் பெட்டிக்கு அதுதான் இடம். ஒவ்வொரு முறை திரும்பும் முன்பும் படகுத்துறையில் தராசை இறக்கி, மூக்கின் எடையைப் பார்த்து, என் மகன்தான் எண்ணை வாசிக்கிறான். கடந்த முறை 58. தராசு நிரந்தரமாகக் கார் பின்பெட்டியில் இருப்பதால், குளியலறைக்கு வேறொன்று வாங்கித் தரும்படி என் மனைவி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.